நர்சம்மா பதில்கள்: கூடிப் பேசினால் குழந்தை பிழைக்குமா?

கேள்வி: மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறேன். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைக்காரிகளையும் சேர்த்து மாதம் ஒரு கூட்டம் நடத்து என்கிறார் அங்கன்வாடி அக்கா. "ஆஸ்பத்திரி இருக்கு, நர்ஸ் வர்றாங்க, உட்கார்ந்து கதை பேசி என்ன ஆகப்போகுது?" என்கிறார் மாமியார். எனக்கும் அதே சந்தேகம்தான். நான் பத்தாவதுதான் படித்திருக்கிறேன்.
- ஒரு வாசகி, பென்னாகரம் வட்டம்

மாமியார் கேட்டது நியாயமான கேள்வி கண்ணு. அதற்கு ஜார்க்கண்டில் பதில் இருக்கிறது. அங்கே சக்ரதர்பூரில் பிரசாந்த திரிபாதி, நிர்மலா நாயர் என்ற இரண்டு டாக்டர்கள் தொடங்கிய அமைப்பு 'ஏக்ஜுட்'. 2005 முதல் 2008 வரை ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலுமாக மூன்று மாவட்டங்களில், பெரும்பாலும் ஆதிவாசிகள் வாழும் கிராமங்களில், இந்த மாதாந்திரக் கூட்டத்தைத்தான் நடத்திப் பார்த்தார்கள். பாதிப் பகுதிகளில் கூட்டம் உண்டு, மீதியில் கிடையாது. நடத்தியவர்கள் டாக்டரோ நர்ஸோ இல்லை, அந்தப் பக்கத்துப் பெண்கள்தான். கடைசி இரண்டு வருடங்களில், பிறந்து 28 நாளுக்குள் குழந்தை இறப்பது கூட்டம் நடந்த பகுதிகளில் 45 சதவீதம் குறைவாக இருந்தது. ஆஸ்பத்திரிப் பிரசவம் கூடியதால் வந்த மாற்றமில்லை இது. வீட்டில் பிரசவம் பார்ப்பவர் சோப்பு போட்டுக் கை கழுவினார், சுத்தமான பிளேடால் கொடியை அறுத்தார், குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுத்தார்கள். வித்தை அவ்வளவுதான்.

நம் ஊரில் வீட்டுப் பிரசவம் அநேகமாக இல்லை. நம் பிரச்சினை வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. சேனை வைக்க ஒருவர், கழுதைப்பால் வாங்கிவர ஒருவர். அப்புறம் குளிப்பாட்டு. பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி, வெந்நீரை ஊற்றி, தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பார், மூக்கில் வாய் வைத்து ஊதுவார், போதாதென்று இரண்டு சொட்டு எண்ணெய் வேறு விடுவார். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. பெற்றவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள், வாய் திறக்க மாட்டாள்.

நர்ஸ் போய் "ஊதாதீங்க" என்றால் "சரிங்கம்மா" என்பார்கள். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் எண்ணெய்க் கிண்ணம் வெளியே வந்துவிடும். அதே தெருவில் இன்னொரு பாட்டி "என் பேரனுக்கு ஊதவும் இல்லை, எண்ணெய் விடவும் இல்லை, பாரு எப்படி இருக்கான்" என்று சொன்னால்தான் காதில் ஏறும். உன் கூட்டம் அதற்குத்தான். ஆகவே மாமியாரையும் கூப்பிடு. சந்தேகப்படுகிறவர் எதிரே உட்கார்ந்தால்தான் பேச்சே சூடு பிடிக்கும்.

பத்தாவது படிப்பு தாராளம். நீ பாடம் எடுக்கப் போவதில்லை, கேள்வி கேட்கப் போகிறாய். நம் ஊரில் தாய்க்கும் சேய்க்கும் வரும் தொல்லைகளை ஆளுக்கொன்றாகச் சொல்லட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து தரையில் வை. எது பெரிய தொல்லை என்று நினைக்கிறார்களோ அந்தப் படத்தின்மேல் ஆளுக்கு இரண்டு புளியங்கொட்டை வைக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அங்கே ஓட்டு உண்டு. அடுத்த மாதம், அதிகம் கொட்டை விழுந்த தொல்லையை வைத்து ஒரு கதை சொல்லு. பேர் மாற்றிச் சொல்லு, நிஜ வீட்டுக் கதை வேண்டாம், சண்டை வந்துவிடும். குழந்தை ஏன் இறந்தது? தாமதமாகக் கொண்டுபோனதால். ஏன் தாமதம்? ராத்திரி வண்டி இல்லை. ஏன் இல்லை? இப்படியே நோண்டிக்கொண்டு போனால், எந்த ஆட்டோக்காரரிடம் முன்கூட்டிப் பேசி வைப்பது என்பதில் வந்து நிற்பீர்கள். அதை அவர்களே முடிவு செய்ய வேண்டும். நீ முடிவு சொன்னால் கூட்டம் மூன்றாம் மாதமே கலைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. வங்கதேசத்தில் இதே முறையைச் செய்தபோது முதல் சுற்றில் பலனே இல்லை. அங்கே சுமார் 1,400 பேருக்கு ஒரு குழுதான் இருந்தது. ஜார்க்கண்ட், ஒடிசாவில் 500 பேருக்கும் குறைவு. வங்கதேசத்தில் குழுக்களைப் பெருக்கிய பிறகு அங்கேயும் சிசு மரணம் குறைந்தது. நான்கு நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் 2013-இல் சொன்னது, கர்ப்பிணிகளில் பத்துக்கு மூன்று பேராவது வந்த இடங்களில்தான் பலன் நன்றாகத் தெரிந்தது என்று. கர்ப்பிணி இல்லாமல் குழுத்தலைவிகள் மட்டும் கூடி டீ குடித்துக் கலைவது வேறு கூட்டம். நூறு நாள் வேலை முடிந்து, மாடு கறக்கப் போவதற்கு முன் இருக்கும் நேரத்தில், யார் வீட்டுத் திண்ணையிலாவது வை.

கேள்வி: என் மகளுக்குப் பிரசவமாகி ஆறு வாரம். ராத்திரி குழந்தை தூங்கினாலும் இவள் தூங்குவதில்லை, காரணமில்லாமல் அழுகிறாள். சம்பந்தி வீட்டில் "நடிப்பு" என்கிறார்கள். இப்படிக் கூட்டத்துக்கு அனுப்பலாமா?
- ஒரு தாய், சேலம்

நடிப்பு இல்லை அம்மா. பிரசவமான முதல் சில நாட்கள் அழுவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். 14416-க்குப் போன் செய்தால் மனநல ஆலோசகர் தமிழிலேயே பேசுவார், காசு கிடையாது. தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்பதுபோல ஒரு வார்த்தை வந்தாலும் தனியே விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கூட்டத்துக்கும் அனுப்பலாம், ஆனால் வைத்தியத்துக்குப் பதிலாக அல்ல. மேலே சொன்ன ஜார்க்கண்ட் - ஒடிசா கிராமங்களில் மூன்றாம் வருடத்தில் தாய்மார்களின் மிதமான மனச்சோர்வும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று இன்னொருத்தி சொல்லக் கேட்பதில் ஒரு தெம்பு வரும். சம்பந்தியம்மாவுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: மனைவி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு போயிருக்கிறாள். இங்கே எங்கள் ஊர்த் தாய்மார் கூட்டத்துக்கு நான் போனால் சிரிப்பார்களா?
- ஒரு வாசகர், அரூர்

சிரிப்பார்கள். போங்கள். வண்டி, பணம், யாருக்கு என்ன ரத்த வகை என்று பேசும் மாதத்தில் ஆண்கள் இருந்தே ஆகவேண்டும். அதற்கு முன் ஒரு வேலை. தாய்வீடு போகும் பெண், புகுந்த ஊர்க் கூட்டத்திலும் இருக்க மாட்டாள், பிறந்த ஊர்க் கூட்டத்தில் அவளுக்குப் பெயரும் இருக்காது. இரண்டு ஊர் கிராம செவிலியர்களுக்கும் சொல்லிவிடுங்கள், அவளுடைய பிக்மி எண்ணையும் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்) தாய்-சேய் அட்டையையும் அங்கே கொண்டுபோய்ச் சேருங்கள்.