உள்ளே டீஃப்ராக் செய்தால் வெளியே ஃபைல் ஏன் வீங்குகிறது?

கேள்வி: டெஸ்க்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதற்குள் ஒரு விண்டோஸ் 10 வைத்திருக்கிறேன் சார். பழைய கணக்கு மென்பொருள் ஒன்று அதில்தான் ஓடும். ஆரம்பத்தில் சுறுசுறுப்பாக இருந்தது. இப்போது பூட் ஆகி முடிவதற்குள் பொறுமை போய்விடுகிறது. உள்ளே இருக்கும் விண்டோஸில் டீஃப்ராக் (சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் வேலை) ஓட்டிப் பார்த்தேன். வேகம் கூடியதாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, 38 ஜிபி இருந்த விடிஐ ஃபைல் (உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு டிஸ்க்காக இருப்பது) 52 ஜிபி ஆகிவிட்டது. சாதாரண ஹார்ட் டிஸ்க்தான், எஸ்எஸ்டி இல்லை. எங்கே பிசகினேன்?

பதில்: பிசகு ஒன்றும் இல்லை, வேலை பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க் என்று நீங்களே சொன்னது நல்லதாகப் போயிற்று. வேகம் பற்றிக் கேட்பவர்களில் பலர் அதைத்தான் எழுத மறக்கிறார்கள்.

விர்ச்சுவல் மெஷினில் சிதறல் மூன்று இடங்களில் சேருகிறது. ஒன்று, உள்ளே இருக்கும் விண்டோஸின் ஃபைல்கள். இரண்டு, அந்த விடிஐ ஃபைலுக்குள் பிளாக்குகள் (சம அளவுத் துண்டுகள்) எந்த வரிசையில் கிடக்கின்றன என்பது. மூன்று, அந்த விடிஐ ஃபைலே உங்கள் நிஜ டிஸ்க்கில் எத்தனை துண்டாகக் கிடக்கிறது என்பது. நீங்கள் சரிசெய்தது முதலாவதை மட்டும். பீரோவுக்குள் துணியை அழகாக அடுக்கிவிட்டீர்கள்; பீரோவோ நாலு துண்டாக நாலு அறையில் கிடக்கிறது.

ஃபைல் வீங்கியதற்குக் காரணம் இரண்டாவது இடத்தில் இருக்கிறது. தேவைக்கேற்ப வளரும் வகை விடிஐ, 1 எம்பி பிளாக்குகளாக வளரும். உள்ளே இருக்கும் விண்டோஸ் இதுவரை தொடாத ஓர் இடத்தில் எதையாவது எழுதினால், விர்ச்சுவல்பாக்ஸ் ஃபைலின் வாலில் புதிதாக ஒரு பிளாக்கை ஒட்டும். டீஃப்ராக் என்ன செய்கிறது? ஃபைல்களைத் தூக்கிக் காலி இடத்துக்குக் கொண்டுபோகிறது. அந்தக் காலி இடம் பெரும்பாலும் இதுவரை தொடாத இடம். ஆகவே புதுப் பிளாக்குகள் வளர்ந்துகொண்டே போகும். பழைய பிளாக்குகள் காலியாகிவிட்டன என்று விர்ச்சுவல்பாக்ஸுக்கு யாரும் சொல்வதில்லை. அதனால் அவையும் அப்படியே இருக்கும். 14 ஜிபி கூடியது இந்த வழியில்தான்.

வேகம் ஏன் வரவில்லை என்பதற்குச் சின்னக் கணக்கு. 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி வினாடி ஆகும். சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அது 4.2. ஹெட் நகர்ந்து சரியான தடத்துக்கு வர ஏறத்தாழ 8, 9. ஆகமொத்தம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவினால் 13 மில்லி வினாடி போயே போச்சு. பூட் ஆகும்போது ஆயிரம் தடவை தாவினால், ஒரு பைட்டும் படிக்காமலேயே 13 வினாடி. உங்கள் விடிஐயில் 50 ஆயிரத்துக்கும் மேல் 1 எம்பி பிளாக்குகள் இருக்கின்றன. அது மெல்ல மெல்ல வளர்ந்த காலத்தில் நீங்கள் படம் இறக்கியிருப்பீர்கள், அப்டேட் வந்திருக்கும். நடுநடுவே மற்ற ஃபைல்கள் உட்கார்ந்துகொண்டன.

உங்கள் சிக்கல் இதுதானா என்று முதலில் பாருங்கள். விர்ச்சுவல் மெஷின் பூட் ஆகும்போது வெளியே, அதாவது ஹோஸ்டில், டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் வரியைக் கவனியுங்கள். 100 சதவீதம் என்று காட்டிக்கொண்டே, படிக்கும் வேகம் வினாடிக்கு ஒன்றிரண்டு எம்பிதான் என்றால், டிஸ்க் படிப்பதைவிடத் தாவுவதிலேயே காலம் கழிக்கிறது. காதைக் கொடுத்தால் விடாமல் கரகரவென்று சத்தமும் கேட்கும். அப்புறம் மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் காண்டிக் என்று ஒரு சின்னக் கருவி, இலவசம். அதை விடிஐ ஃபைல் மேல் ஆய்வு முறையில் ஓட்டினால் எத்தனை துண்டு என்று சொல்லிவிடும். இந்த எண்ணைப் பார்க்காமல் எதையும் தொடாதீர்கள்.

விண்டோஸின் சொந்த டீஃப்ராக் அதே டிஸ்க்கைப் பார்த்து 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று சொல்லலாம். 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளை அது கணக்கில் எடுப்பதில்லை. அதில் நியாயம் உண்டு: அவ்வளவு பெரிய துண்டைப் படிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் 13 மில்லி வினாடி ஒன்றுமே இல்லை. ஆகவே காண்டிக் சில நூறு துண்டு என்று காட்டினால் பதற வேண்டாம். பல ஆயிரம் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

இனி வேலை. மெஷினில் ஸ்னாப்ஷாட் (பழைய நிலைக்குத் திரும்பிப் போக வைத்திருக்கும் பதிவு) இருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள். உள்ளே போய்த் தற்காலிக ஃபைல்கள், பழைய அப்டேட் மிச்சங்களைத் துடையுங்கள். உள்ளே டீஃப்ராக் ஏற்கெனவே ஆகிவிட்டது. அடுத்து, அதே சிஸ்இன்டர்னல்ஸின் எஸ்டெலீட் கருவியால் காலி இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்புங்கள். அதற்கு 'இசட்' சுவிட்ச். இந்த நேரத்தில் விடிஐ முழு அளவுவரை வீங்கக்கூடும், ஹோஸ்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முடிந்ததும் மெஷினை முறையாக ஷட் டவுன் செய்யுங்கள். பாதியில் சேவ் செய்த நிலை கூடாது.

இங்கே இரண்டு வழி. விர்ச்சுவல்பாக்ஸின் விபாக்ஸ்மேனேஜ் கட்டளையில் 'காம்பேக்ட்' கொடுத்தால் பூஜ்யப் பிளாக்குகள் போய் ஃபைல் இளைக்கும். எல்லாரும் சொல்லும் வழி இதுதான். எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. காம்பேக்ட், கடைசியில் இருக்கும் பிளாக்குகளைத் தூக்கி நடுவில் இருக்கும் ஓட்டைகளில் செருகுகிறது. ஃபைல் சின்னதாகும், ஆனால் உள்வரிசை கலைந்தபடியே இருக்கும். டிஸ்க்கில் இடம் இருந்தால் குளோன் (முழுப் பிரதி) எடுங்கள், அதுவும் ஃபிக்ஸட் வகையாக. குளோன் முதல் பிளாக்கிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டு போகும், ஆகவே இரண்டாவது சிதறல் தீர்ந்தது. அளவு நிலையானது என்பதால் இனி வளர்ந்து சிதறவும் வழியில்லை. உண்மையில் இந்த வழியில் போனால் எஸ்டெலீட் படியே தேவையில்லை. மெஷினின் ஸ்டோரேஜ் அமைப்பில் பழைய டிஸ்க்கைக் கழற்றிக் குளோனை மாட்டுங்கள். நாலைந்து நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பழையதை அழித்துவிடுங்கள்.

கடைசியாக, மெஷின் அணைந்திருக்கும்போதே காண்டிக்கை அந்த ஃபைல் மேல் நிஜமாக ஓட்டுங்கள். ஹோஸ்டில் தொடர்ச்சியான காலி இடம் இல்லையென்றால் அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது ஃபைலை வேறொரு டிஸ்க்குக்கு நகர்த்தி, இங்கே இடத்தை ஒழித்து, திரும்பக் கொண்டுவருவதுதான் வழி. இத்தனை செய்வதற்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கி விடிஐயை அதில் போட்டுவிடலாமே என்று நினைத்தால், நானும் அதைத்தான் சொல்வேன்.

கேள்வி: என் லேப்டாப்பில் எஸ்எஸ்டி இருக்கிறது. மாதம் ஒருமுறை விர்ச்சுவல் மெஷினுக்குள் டீஃப்ராக் செய்கிறேன். போதுமா, அடிக்கடி செய்யவா?

பதில்: நிறுத்திவிடுங்கள். எஸ்எஸ்டியில் தாவல் என்பது 0.1 மில்லி வினாடி அளவுதான். கிடைக்கும் பலன் கண்ணுக்குத் தெரியாது. எழுதுவதால் வரும் தேய்மானம் மட்டும் மிச்சம்.

நீங்கள் செய்யாவிட்டாலும் உள்ளே இருக்கும் விண்டோஸ் தானாகவே வாரம் ஒருமுறை செய்துகொண்டிருக்கலாம். விர்ச்சுவல்பாக்ஸ் சொல்லாதவரை, தான் உட்கார்ந்திருப்பது எஸ்எஸ்டி மேல் என்று உள்ளே இருப்பதற்குத் தெரியாது. ஹார்ட் டிஸ்க் என்றே நம்பும். மெஷினின் ஸ்டோரேஜ் அமைப்பில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் 'சாலிட்-ஸ்டேட் டிரைவ்' என்று ஒரு கட்டம் வரும். அதை டிக் செய்யுங்கள், சரியாகிவிடும்.

மெஷின் இன்னும் மெதுவாக இருக்கிறதென்றால் ரேமைப் பாருங்கள். 8 ஜிபி உள்ள கணினியில் 6 ஜிபியை உள்ளே கொடுத்துவிட்டு ஹோஸ்ட் மூச்சுத் திணறுவதை நிறையப் பார்க்கிறேன்.

கேள்வி: லினக்ஸ் ஹோஸ்ட், பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம், விர்ச்சுவல் மெஷினுக்கு கேவிஎம். மெஷினின் டிஸ்க்கான க்யூகவ்2 ஃபைலை, துண்டுகளை எண்ணும் ஃபைல்ஃப்ராக் போட்டுப் பார்த்தால் துண்டுகளின் எண்ணிக்கை தலைசுற்றுகிறது. டீஃப்ராக் செய்தாலும் சில நாளில் பழைய குருடி.

பதில்: அப்படித்தான் ஆகும். பிடிஆர்எஃப்எஸ் எழுதியதன் மேலேயே திரும்ப எழுதாது. ஒவ்வொரு மாற்றத்தையும் புது இடத்தில் எழுதும். விர்ச்சுவல் டிஸ்க்கிலோ நாள் முழுக்கச் சின்னச் சின்ன மாற்றங்கள். காலியான ஒரு டைரக்டரி உருவாக்கி, அதற்கு சாட்டர் கட்டளையால் பெரிய 'சி' பண்பைக் (ஒவ்வொரு மாற்றத்தையும் புது இடத்தில் எழுதாதே என்று சொல்வது) கொடுங்கள். பிறகு டிஸ்க் ஃபைலை அதற்குள் முழுப் பிரதியாகக் காப்பி செய்யுங்கள். பழைய பிளாக்குகளையே பகிர்ந்துகொள்ளும் ரீஃப்லிங்க் பிரதி கூடாது. ஏற்கெனவே தரவு உள்ள ஃபைலுக்கு அந்தப் பண்பை நேரடியாகக் கொடுத்தால் பலிக்காது. விலை உண்டு: அந்த ஃபைலுக்குச் செக்சம் பாதுகாப்பும் (தரவு கெட்டால் கண்டுபிடிப்பது) சுருக்கமும் போய்விடும். பேக்கப் ஒழுங்காக எடுப்பவர் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

கேள்வி: விஎம்வேர் மெஷினில் பத்துப் பன்னிரண்டு ஸ்னாப்ஷாட் வைத்திருக்கிறேன், பாதுகாப்புக்கு. வேகத்தைப் பாதிக்குமா?

பதில்: பாதிக்கும். ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் ஒரு மாற்ற ஃபைல். ஒரு பிளாக்கைப் படிக்க அந்தச் சங்கிலி முழுக்கத் தேட வேண்டியிருக்கும். சங்கிலியில் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம், ஒன்றை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது விஎம்வேரின் அறிவுரை. இந்த நிலையில் உள்ளே டீஃப்ராக் ஓட்டினால் நகரும் அத்தனையும் கடைசி மாற்ற ஃபைலில் போய் விழும். பாதுகாப்புக்குத் தனியாக பேக்கப் எடுங்கள்; மூல டிஸ்க் கெட்டால் ஸ்னாப்ஷாட்டும் கூடவே போகும்.

கேள்வி: அலுவலகத்தில் ஒரே ஸ்டோரேஜ் மேல் முப்பது விர்ச்சுவல் மெஷின்கள். எல்லாவற்றிலும் ஞாயிறு இரவு டீஃப்ராக் நேரம் குறித்து வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த ஸ்டோரேஜ் பிளாக்குகளைப் பல டிஸ்க்குகளில் பரப்பித்தான் வைக்கிறது. மெஷினுக்குள் 'அடுத்தடுத்து' இருப்பது கீழே அடுத்தடுத்து இருக்கும் என்று சொல்ல முடியாது. முப்பதும் ஒரே நேரத்தில் தொடங்கினால் ஞாயிறு இரவு ஸ்டோரேஜ் திக்குமுக்காடும். தின் முறையில் (தேவைக்கேற்ப வளரும்படி) ஒதுக்கிய டிஸ்க்குகள் எல்லாம் வீங்கும். மாறிய பிளாக்குகளை மட்டும் எடுக்கும் பேக்கப் வைத்திருந்தால், நகர்ந்த ஒவ்வொரு பிளாக்கையும் அது 'மாறியது' என்றே எடுத்துக்கொள்ளும். திங்கள் காலைக்குள் முடிய வேண்டிய பேக்கப் மதியம் வரை இழுக்கும். தானாக ஓடும் டீஃப்ராக் அட்டவணை எந்த மெஷினிலாவது இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.