ஜெர்மனி வாடகை வீட்டுல மாடல் ரயில்: உள்ளயா, தோட்டத்துலயா?

வணக்கம் தம்பி. ஸ்டுட்கார்ட்ல தோட்டத்தோட தரைத்தள வீடு வாடகைக்குக் கெடச்சிருக்கு, சின்ன வயசுல பாத்த மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயிலை மாடலா செய்யணும், வீட்டுக்குள்ள சின்னதா வைக்கவா இல்ல தோட்டத்துல தண்டவாளம் போடவான்னு கேட்டிருக்கீங்க. நானும் உசிலம்பட்டிக்காரன்தான், இங்க வந்து ரொம்ப வருசமாச்சு, ரெண்டு வகையும் வச்சிருக்கேன். மொதல்ல வீட்டுக்குள்ள ஆரம்பிங்க.

காரணம் குளிர்காலம். நவம்பர் கடைசில சாயங்காலம் நாலரைக்கே பொழுது அடைஞ்சிரும், வேலை முடிஞ்சு நீங்க வீடு வந்து சேரும்போது தோட்டம் கண்ணுக்கே தெரியாது, ஊர் நெனப்பு ஆளைப் போட்டு அமுக்குறதும் சரியா அந்த மாசங்கள்லதான். அப்ப கைக்கு ஒரு வேலை வேணும் தம்பி. சாப்பிட்டுட்டு வந்து தண்டவாளம் ரெண்டாப் பிரியுற பாயிண்ட்டைத் திருப்பி ரெண்டு வேகனை அங்குட்டும் இங்குட்டும் நகத்துனாலே மனசு லேசாயிரும்.

எச்ஓங்கிற மாடல் ஸ்கேல் 1:87, அதாவது நிஜத்துல 87ல ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மி.மீ., ஆனா அது இந்த ஊரு 1435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜுக்கு. நமக்கு வேண்டியது அதே ஸ்கேல்ல மீட்டர் கேஜுக்கான எச்ஓஎம், 12 மி.மீ. சுவிஸ்ல ரேட்டிஷ் ரயில்வே மீட்டர் கேஜ்ங்கிறதால பெமோ கம்பெனி அதுக்குத் தண்டவாளம், இஞ்சின் எல்லாம் போடுறாங்க, ட்ராக்கை அதுல எடுத்துக்கிட்டு நம்ம ஸ்டேஷனை அட்டையிலயும் பிளாஸ்டிக் ஷீட்டுலயும் நீங்களே செய்யுங்க. முழு லைனையும் கொண்டுவர ஆசப்படாதீங்க, 1:87ல ஒரு கிலோமீட்டரே பதினொன்னரை மீட்டர் வந்துரும். செவுத்தோரமா ரெண்டரை மீட்டர் நீளத்துக்கு ஒரு பலகை, அதுல ஒரே ஒரு ஸ்டேஷன், வண்டி ஒதுங்கி நிக்க ஒரு சைடிங், அம்புட்டுதான்.

இன்னொன்னு, ஊர்ல சொந்தக்காரங்ககிட்ட பழைய போட்டோ இப்பவே கேட்டு வாங்கிருங்க. 2010 கடைசியோட அந்த மீட்டர் கேஜ் நின்னுருச்சு, 2023ல போடிக்கு ரயில் திரும்ப வந்தது பிராட் கேஜ்ல. பழைய பிளாட்பாரம், கைகாட்டி, வேப்பமரம் எது எங்க இருந்துச்சுன்னு சொல்ற பெரியவங்க வருசா வருசம் கொறஞ்சுக்கிட்டே வர்றாங்க, இதை மட்டும் தள்ளிப்போடாதீங்க.

தோட்ட ரயில் அழகுதான், நான் இல்லேங்கல. 1968ல நூரன்பெர்க்ல ஆரம்பிச்ச எல்ஜிபிங்கிற தோட்ட ரயில் பிராண்டோட 45 மி.மீ. தண்டவாளம் 1:22.5 ஸ்கேல்ல கணக்குப் போட்டா கிட்டத்தட்ட ஒரு மீட்டர், அதாவது நம்ம கேஜேதான், நிஜ மண்ணுல நிஜச் செடிக்குள்ள அது வளைஞ்சு போறதைப் பாக்கணும். ஆனா வீட்டுக்காரர் சம்மதம் இல்லாம மண்ணைத் தோண்டாதீங்க, காலி பண்றப்ப பழையபடி ஆக்கிக் குடுக்கச் சொல்வாங்க. பனிக்காலத்துல மண்ணுக்குள்ள தண்ணி உறைஞ்சு தண்டவாளத்தைத் தூக்கிவிட்டுரும், அடியில ஜல்லி போட்டுத் தண்ணி வடிய வழி பண்ணனும், பித்தளை ரெயில் கறுத்துப்போனா தேய்க்கணும், இலையுதிர்ற காலத்துல தெனம் கூட்டணும். சொந்த வீடு வாங்குனப்புறம் தாராளமா போடுங்க.

ஆசை அடங்கலேன்னா ஒரு எல்ஜிபி ஸ்டார்ட்டர் செட் மட்டும் வாங்கி வைங்க, சின்ன வட்டம் ஒன்னேகால் மீட்டர் சொச்சம்தான் வரும், கோடையில ராத்திரி ஒம்பது வரைக்கும் வெளிச்சம் இருக்கும், புல்லு மேல விரிச்சு ஓட்டிட்டு எடுத்து வச்சிரலாம்.

செகண்ட்ஹேண்ட் சந்தைக்குப் போனா ஒன்னு கவனிங்க: மார்க்லின் கம்பெனியோட எச்ஓ தண்டவாளத்துல நடுவுல புள்ளி புள்ளியா மூணாவது கரண்ட் லைன் இருக்கும், ரோக்கோ, பிக்கோ கம்பெனிகளோட சாதாரண ரெண்டு ரெயில் டிசி வண்டி அதுல ஓடாது, மலிவா இருக்குன்னு ரெண்டையும் கலந்து வாங்கிராதீங்க. மத்தபடி மார்க்லின் மியூசியம் கோப்பிங்கன்லதான் இருக்கு, உங்களுக்கு ரயில்ல கிட்டக்கதான், ஒரு லீவு நாள் போய்ப் பாத்துட்டு வாங்க.

செவுரு எம்புட்டு நீளம்னு அளந்து சொல்லுங்க, எந்த ஸ்டேஷன் செய்யப்போறீங்க, உசிலம்பட்டியா ஆண்டிபட்டியான்னும் சொல்லுங்க, ட்ராக் பிளான் நான் வரைஞ்சு அனுப்புறேன்.