இதயம் முதல் பேச்சிப்பாறை வரை: டிஜிட்டல் இரட்டை பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: கம்ப்யூட்டரில் வரையும் முப்பரிமாணப் படத்துக்கும் டிஜிட்டல் இரட்டைக்கும் என்ன வேறுபாடு? (மாணவி, மார்த்தாண்டம்)

பதில்: டிஜிட்டல் இரட்டை என்பது இதயம், அணை போன்ற அசல் ஒன்றின் கணினி நகல். அதற்கு அசலிலிருந்து அளவுகள் வந்துகொண்டே இருக்க வேண்டும். வரத்து நின்ற அன்றே அது வெறும் படம். படத்தையே இரட்டை என்று விற்பவர்களும் உண்டு, கவனம்.

கேள்வி: என் கணவருக்கு இதய ரத்தக்குழாயில் அடைப்பு. கணினியிலேயே சோதிக்கலாமாமே? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: ஓரளவு உண்மைதான் அம்மா. சி.டி. ஆஞ்சியோகிராம் படத்திலிருந்து அவருடைய குழாய்களைக் கணினியில் உருவாக்கி, அடைப்பைத் தாண்டியதும் ரத்த அழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று கணக்கிடுகிறார்கள். மெல்லிய கம்பியைக் குழாய்க்குள் செலுத்தி அளப்பதை இது பலருக்குத் தவிர்க்கிறது. அடைப்புக்குப் பின்னுள்ள அழுத்தத்தை முன்னுள்ள அழுத்தத்தால் வகுத்த விடை 0.80 அல்லது அதற்குக் கீழ் என்றால், அடைப்பு ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது என்று கொள்வார்கள். அமெரிக்காவில் 2014இல் அனுமதி பெற்ற முறை இது. ஆனால் கணினியில் இருப்பது படம் எடுத்த அன்றைய இதயம். என் கணக்கில் அரை இரட்டை. ஸ்டென்ட் வேண்டுமா என்பதை இருதய மருத்துவரிடமே கேளுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோய்க்கும் உண்டா? (வாசகர், தக்கலை)

பதில்: உண்டு. அமெரிக்காவின் வெர்ஜீனியா, இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகங்கள் டைப் 1 நோயாளிகள் 300 பேரைக் கணினியில் உருவாக்கின. தானியங்கி இன்சுலின் கருவிகளின் கணக்குகளை விலங்குகளுக்குப் பதிலாக இவர்களிடம் சோதிக்க 2008இல் அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது.

கேள்வி: இதெல்லாம் இருந்திருந்தால் ஒக்கியில் எங்கள் ஆட்கள் பிழைத்திருப்பார்களா? (மீனவர், சின்னத்துறை)

பதில்: இல்லை என்றே நினைக்கிறேன் அண்ணாச்சி. 2017 நவம்பர் 30 அன்று சில மணி நேரத்தில் அது புயலாக வலுத்தது. அதற்குள் ஆழ்கடலில் இருந்த படகுகளுக்குச் செய்தி சொல்ல வழியில்லை. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 'டெஸ்டினேஷன் எர்த்' திட்டம் 5 கிலோமீட்டருக்கும் குறைந்த கட்டங்களாகப் பூமியைப் பிரித்து வானிலையைக் கணக்கிடுகிறது. கணிப்பு எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், கரையிலேயே நின்றுவிட்டால் படகில் இருப்பவருக்கு என்ன பயன்? செயற்கைக்கோள் வழிச் செய்தி பெறும் கருவியைத்தான் முதலில் கேட்டு வாங்குங்கள்.

கள்ளக்கடல் வேறு விஷயம். தெற்கே வெகு தொலைவில் கிளம்பும் அந்த அலை நம் கரைக்கு வர நாள்கணக்கில் ஆகிறது. இங்கே காற்றே இருக்காது, கடல் மட்டும் ஏறும். அவகாசம் இருப்பதால் கணினிக் கணிப்பு இதில் நன்றாகவே கைகொடுக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கிறது.

கேள்வி: பேச்சிப்பாறை திறந்தால் எங்கள் ஏலாவில் (வயல்வெளியில்) தண்ணீர் ஏறுமா என்று முன்பே காட்டுமா? (விவசாயி, குழித்துறை)

பதில்: காட்டும், மழைமானி, அணை வரத்து, ஷட்டர் திறப்பு, ஆற்றுமட்டம் நான்கும் உடனுக்குடன் வந்தால். 1906இல் கட்டி முடித்த அணையின் அளவுகள் கையில் உண்டு. சிக்கல் கீழே இருக்கிறது. ஒரு குளத்தின் மறுகால் (நிரம்பி வழியும் நீர் போகும் வாய்க்கால்) அடுத்த குளத்துக்குப் போகும் ஊர் இது. அந்த மறுகாலில் பாதியை மண்ணும் மதில்சுவரும் அடைத்திருந்தால், பழைய வரைபடத்தை நம்பும் இரட்டை வெள்ளத்தை வேறு ஏலாவில் காட்டும். ஆகவே மென்பொருள் வாங்குமுன் மறுகால்களை நடந்து அளக்கச் சொல்லி மனு கொடுங்கள்.