வந்து வந்து மறையும் தடிப்பு

கேள்வி: என் ஆறு வயது மகளுக்கு வாயைச் சுற்றிலும் கன்னங்களிலும் செந்தடிப்பு அடிக்கடி வருகிறது, காரணம் தெரியவில்லை. மருந்துக்கடைக் களிம்பு தடவினால் அடங்கி, நிறுத்தியதும் திரும்புகிறது. - ஒரு தாய், கோத்தகிரி

பதில்: உங்கள் கடைசி வரிதான் என்னை யோசிக்க வைத்தது. களிம்பின் உறையில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு; முகத்தில் தொடர்ந்து தடவினால் அதுவே வாயைச் சுற்றிச் சிறு பருக்களை உண்டாக்கும், நிறுத்தியதும் சில நாட்கள் சிவப்பு கூடவும் செய்யும் என்பதால், அந்தக் குழாயையே தோல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். மலைக்குளிரில் வறண்ட உதட்டைக் குழந்தை நக்குகிறாளா என்று கவனியுங்கள். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடுவதால், வெயிலில் விளையாடிய நாட்களையும் குறித்து வையுங்கள். தடிப்பு தெரியும்போதே படம் எடுங்கள்; மருத்துவரைப் பார்க்கும் நாளில் முகம் தெளிவாக இருப்பதுதானே வழக்கம்! காய்ச்சலோ மூட்டுவலியோ சேர்ந்தால் தாமதிக்க வேண்டாம்.