கிரியேட்டினின் ஆறைத் தாண்டினால் உடனே டயாலிசிஸா?

சிறுநீரகத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவர், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களுக்குத் தரும் பதில்கள்.

பாலக்கோடு: அக்கா, அப்பாவுக்கு வயது 61, கிரியேட்டினின் 6.2. நன்றாகச் சாப்பிடுகிறார், தோட்டத்துக்கும் போகிறார். உடனே டயாலிசிஸ் தொடங்கணுமா?

கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு; ரத்தத்தில் அதன் அளவை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது தம்பி. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று வயதையும் சேர்த்துக் கணக்கிடும் இஜிஎஃப்ஆரைப் பாருங்கள். 15க்குக் கீழே போனால் சிறுநீரக நோயின் கடைசிக் கட்டமான ஐந்தாம் கட்டம். அதிலும் மாத்திரையும் உப்புக் கட்டுப்பாடுமாக மாதக்கணக்கில் நன்றாக இருப்பவர்கள் உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நடந்த ஐடியல் ஆய்வு 2010இல் வெளிவந்தது. இஜிஎஃப்ஆர் 10–14 இருக்கும்போதே தொடங்கியவர்கள் ஒரு பக்கம், 5–7 வரை காத்திருக்கச் சொல்லப்பட்டவர்கள் மறுபக்கம். முன்கூட்டித் தொடங்கியவர்களின் ஆயுள் கூடவில்லை. ஆனால் காத்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு 7க்கு இறங்கும் முன்பே உடம்பு தாங்காமல் தொடங்க வேண்டியதாயிற்று. அதனால் காத்திருக்கலாம், டாக்டரின் கண்பார்வையில்.

பென்னாகரம்: உடம்பு தாங்கவில்லை என்று எப்படித் தெரியும்?

களியோ சோறோ, எதைப் பார்த்தாலும் குமட்டல், எடை இறங்குவது, தூங்கவிடாத அரிப்பு. இவை வந்தால் அடுத்த செக்கப் தேதிவரை இருக்காதீர்கள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, நீர் மாத்திரைக்கும் வடியாத வீக்கம், பேச்சில் குழப்பம், வலிப்பு என்றால் நடுராத்திரியானாலும் கிளம்புங்கள். ரத்தத்தில் கூடிப்போய் மருந்துக்கு அடங்காத பொட்டாசியமும் அப்படித்தான். சொல்லாமல் கொள்ளாமல் இதயத்தை நிறுத்திவிடும்.

காவேரிப்பட்டணம்: மாம்பழம், இளநீர்?

பொட்டாசியம் கூடியிருந்தால் இளநீர் வேண்டவே வேண்டாம். மாம்பழம் டாக்டர் ஒப்புக்கொண்டால் ஒரு துண்டு.

ஊத்தங்கரை: இப்போது டயாலிசிஸ் இல்லை என்கிறார்கள், கையில் ஃபிஸ்டுலா மட்டும் எதற்கு?

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்து வைப்பதுதான் ஃபிஸ்டுலா. அது பக்குவமாக ஆறு வாரம் முதல் மூன்று மாதம்வரை ஆகும். தள்ளிப்போட்டுவிட்டு, கழுத்தில் பைப்போடு அவசரமாகத் தொடங்கியவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. பைப்பில் கிருமித்தொற்று ஆபத்து அதிகம். வலதுகைக்காரர் என்றால், ஃபிஸ்டுலா வைக்க வேண்டிய இடதுகையில் ஊசி போடவோ ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் இப்போதே போடுங்கள்.

அஞ்செட்டி: டயாலிசிஸுக்காக வாரம் மூன்று முறை பஸ் ஏற அம்மாவால் முடியாது.

வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்யும் முறை இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு லிட்டர் டயாலிசிஸ் திரவப் பை, நாளுக்கு நான்கு முறை மாற்ற வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் இந்தப் பைகளும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வயிற்றில் பெரிய ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒத்துவராமல் போகலாம். வெளியே வரும் நீர் கலங்கலாக இருந்தால், அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.