12, 22, 32: எங்கள் வீட்டுத் தலைமுறைக் கணக்கு

கேள்வி: சிங்கப்பூரில் மூன்று தலைமுறையாக நடக்கும் குடும்பத் தொழில் உங்கள் வீட்டில் உண்டா? எப்படித் தாக்குப்பிடித்தது?

உண்டு. குளிர்பதன வேலை. கோல்ட் ரூம், சில்லர், ஏர்கான், அப்புறம் கட்டடங்களுக்கு டக்ட், குழாய் போடுவது. எங்கள் வீட்டில் தலைமுறையை, இயந்திரத்துக்குள் ஓடிக் குளிரூட்டும் கேஸின் நம்பரில்தான் (R12, R22, R32) சொல்வோம். தாத்தா 12, அப்பா 22, நான் 32.

தாத்தா செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் கப்பல்களின் குளிர் அறைகளைப் பழுதுபார்த்தவர். தன் படைகள் 1971க்குள் கிளம்பும் என்று பிரிட்டன் 1968இல் அறிவித்தது. தளத்தை நம்பியிருந்த தமிழ், மலையாளக் குடும்பங்கள் பல ஊருக்கே திரும்பின. தாத்தா திரும்பவில்லை. வேலை போனபோது கைக்கு வந்த பணத்தில் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சும் ஒரு வேக்கம் பம்ப், அழுத்தம் பார்க்கும் இரண்டு கேஜ், ஒரு பழைய வேன். வாடிக்கையாளர்கள் சிராங்கூன் சாலைப் பக்கத்துப் பூக்கடைகளும் மீன், ஆட்டிறைச்சிக் கடைகளும்.

12க்கு நிறமும் கிடையாது, பெரிதாக வாசனையும் கிடையாது. லீக் எங்கே என்று கண்டுபிடிக்க தாத்தா ஒரு ஹேலைட் விளக்கு வைத்திருந்தார். அதன் ரப்பர் குழாய் நுனியை ஒவ்வொரு இணைப்பாகக் காட்டிக்கொண்டே வர வேண்டும். கேஸ் கசிந்தால், செம்புத் தகட்டைச் சுட்டுக்கொண்டு எரியும் நீலச் சுடர் சட்டென்று பச்சையாகும். அப்பாவுக்குப் பத்து வயதில் அதுதான் வேலை: விளக்கைப் பிடித்துக்கொண்டு "பச்சை, பச்சை" என்று கத்துவது. அந்தப் புகை நச்சு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஓசோன் படலத்தைக் கெடுக்கும் என்பதால் 12 ஒழிந்தது. அந்தப் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்பாட்டில் சிங்கப்பூர் 1989இல் சேர்ந்தது. மாற்றாக 134 வந்தபோது அப்பா ஒரு மீன் கடைப் பழைய கம்ப்ரசரில் எண்ணெயை மாற்றாமல் அதை ஏற்றிவிட்டார். 134 பழைய கனிம எண்ணெயோடு கலக்காது. வெளியே போன எண்ணெய் கம்ப்ரசருக்குத் திரும்பாது. சில வாரத்தில் கம்ப்ரசர் இறுகி நின்றுவிட்டது. புது கம்ப்ரசருக்கும் கெட்டுப்போன மீனுக்கும் அப்பாவே பணம் கொடுத்தார். அந்தக் கடைக்காரர் இன்றும் எங்கள் வாடிக்கையாளர்தான்.

உண்மையில் தொழில் கவிழப் பார்த்தது கேஸால் அல்ல. தொண்ணூறுகளில் அப்பா பழுது வேலையோடு நிற்காமல் கட்டட கான்ட்ராக்டில் இறங்கினார். அது அவசரம் என்று நான் இன்றும் சொல்வேன், அவரும் மறுப்பதில்லை. அந்தக் காலத்து ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும்: மேலிருந்து எனக்குப் பணம் வந்தால்தான் உனக்கு. செம்புக் குழாயையும் இன்சுலேஷனையும் கடனுக்கு வாங்கி, வேலையை முடித்து இயந்திரத்தை ஓட்டிக் காட்டி, கையெழுத்தும் வாங்கியாயிற்று. 1997 ஆசிய நிதி நெருக்கடியில் மேலே பணம் நின்றது. எங்களுக்கு வேலை கொடுத்த பெரிய கான்ட்ராக்டர் அந்த வரியைக் காட்டிவிட்டுப் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். ஏறக்குறைய இரண்டு வருடம் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தது, மாதாமாதம் சிறு தொகையாக சர்வீஸ் பணம் கட்டிய பூக்கடைகள்தான். கான்ட்ராக்ட் எடுங்கள், ஆனால் சர்வீஸ் வாடிக்கையாளர்களை விட்டுவிடாதீர்கள் என்று கேட்பவர்களிடம் சொல்வது இதனால்தான். கட்டுமானத் துறைப் பணப் பாதுகாப்புச் சட்டம் 2005இல் நடப்புக்கு வந்தபிறகு அந்த மாதிரி வரி செல்லாது. எங்களுக்கு எட்டு வருடம் பிந்தி வந்தது, போகட்டும்.

நான் சேர்ந்தபோது ஏர்கானில் அப்பா காலத்து 22 போய் 410 வந்திருந்தது. 2022 அக்டோபரிலிருந்து, புவியைச் சூடாக்கும் அளவு 750க்கு மேல் இருக்கும் கேஸ் கொண்ட வீட்டு ஏர்கானை இங்கே விற்க முடியாது. கரியமில வாயுவை 1 என்று வைத்துக்கொண்டால் 410க்கு 2088, 32க்கு 675. ஆனால் 32 லேசாகத் தீப்பிடிக்கும். அதனால் அதன் பக்கத்தில் தாத்தாவின் விளக்கைக் கொண்டுபோகவே கூடாது. மின்னணுக் கருவிதான், இல்லாவிட்டால் சோப்புத் தண்ணீர்.

இப்போது வரும் ஐஸ்கிரீம் பெட்டிகளில் 290, அதாவது புரொப்பேன், ஒரு பெட்டிக்கு 150 கிராமுக்குள். சென்ற மாதம் ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். அப்பா ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, "அடுப்பு கேஸையாடா உள்ளே விட்டிருக்கான்?" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி ஒருமுறை படித்தார்.