ஒரு தக்காளிக்குப் போட்ட பூஜ்ஜியம்

*அன்புள்ள ஐயா,*

*பாலக்கோடு பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பிள்ளைகளுக்குப் பொது அறிவு வினாடி வினா நடத்துகிறேன். பரிசுப் பேனா, பென்சில் எல்லாம் என் செலவு. ‘எல்லாம்தான் செல்போனில் இருக்கே, எதுக்கு இந்த வேண்டாத வேலை’ என்கிறார்கள் உடன் இருப்பவர்கள். போன வாரம் ‘தக்காளி பழமா, காய்கறியா?’ என்று கேட்டேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ‘காய்கறிதான் டீச்சர், எங்கப்பா காய்கறி மண்டியிலதான் எறக்குறாரு’ என்றான். புத்தகத்தில் விடை ‘பழம்’. பூஜ்ஜியம் போட்டேன். அழுதுவிட்டான். நல்ல பொது அறிவு நூல்கள் சொல்ல முடியுமா?*

அன்புள்ள டீச்சர்,

கைக்காசைப் போட்டுப் பேனா வாங்கிக் கொடுக்கும் உங்களை நேரில் பார்த்தால் கும்பிடுவேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் திட்ட வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் பூஜ்ஜியம் போட உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

செல்போன் விஷயத்தை விடுங்கள். சொல்பவர்கள் சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள்.

உங்கள் மாணவன் சொன்ன அதே விடையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 1883இல் அங்கே ஒரு சுங்கச் சட்டம் வந்தது. வெளியிலிருந்து வரும் காய்கறிக்கு 10 சதவீத வரி, பழத்துக்கு வரி இல்லை. நிக்ஸ் என்ற நியூயார்க் வியாபாரி மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து தக்காளி இறக்கினார். துறைமுகத்தில் வரி வாங்கிவிட்டார்கள். தக்காளி பழம்தானே, பணத்தைத் திருப்பிக் கொடு என்று வழக்குப் போட்டார். நீதிமன்றத்தில் அகராதிகளைப் பிரித்துப் படித்தார்கள். காய்கறி, பழ வியாபாரத்தில் ஊறியவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். 1893 மே 10 அன்று தீர்ப்பு. தாவரவியல்படி தக்காளி பழம்தான், ஆனால் சந்தையிலும் சமையலறையிலும் மக்கள் அதைக் காய்கறியாகத்தான் புழங்குகிறார்கள், ஆகவே வரி செல்லும் என்றார்கள். நீதிபதிகள் அத்தனை பேரும் ஒருமனதாக. நிக்ஸ் தோற்றார்.

உங்கள் பையன் அப்பாவின் வண்டியில் உட்கார்ந்து கண்டுகொண்டதும் இதைத்தான்.

புத்தகத்து விடை தப்பு என்று சொல்ல வரவில்லை. பூவின் சூலகம் முதிர்ந்து விதையோடு நிற்பது கனி. அந்தக் கணக்கில் தக்காளி கனிதான். ஆனால் அதே கணக்கில் கத்தரி, வெண்டை, பூசணி, மிளகாய் எல்லாமே கனிதான். அந்தப் புத்தகம் அதைச் சொன்னதா? தக்காளியை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரே சொல்லில் விடை போட்டு முடித்துவிட்டது. அந்தப் பையனைக் கேட்டிருந்தால், தூரத்து ஊருக்குப் போகும் தக்காளியை ஏன் செங்காயாகப் பறிக்கிறார்கள் என்று சொல்லியிருப்பான். பறித்த பிறகும் எத்திலீன் வாயுவால் பழுக்கும் இனம் அது என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். இரண்டு பேருமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய ஒரு மதியத்தைப் பூஜ்ஜியம் போட்டு மூடிவிட்டீர்கள். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து என் மனசு இதிலேயே நிற்கிறது.

ஏனென்றால் எனக்கும் இது நடந்திருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் நான் படித்த பள்ளியில் ஒரு வாத்தியார், சத்துள்ள உணவு எது என்று கேட்டார். ராகிக் களி என்றேன். ‘அது இல்லாதவங்க சாப்பாடுடா’ என்றார். வகுப்பே சிரித்தது. எங்கள் பாட்டி நொய் வேகும் பானையில் ராகி மாவை மலைபோலக் கொட்டி, கிண்டாமல் அப்படியே கொதிக்க விடுவாள். பிறகு பானையைக் கீழே இறக்கி, காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, துடுப்பை இரண்டு கையாலும் சுழற்றுவாள். கட்டி தட்டாத வரைதான் அவளுக்கு மரியாதை. தண்ணீர் தொட்டு உருட்டிப் போட்டு, நடுவில் குழி பறித்து மொச்சைக் குழம்பை ஊற்றினால், மெல்லாமல் விழுங்கு என்பாள். அன்று சாயங்காலம் அந்தக் களியைத் தொட எனக்குப் பிடிக்கவில்லை. பாட்டி காரணம் கேட்டாள், நான் சொல்லவில்லை.

100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் தேறினால் அதிகம். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது அந்த வகுப்பின் சிரிப்புதான் என் காதில் கேட்டது. சில வாரங்களாக ராகியைப் பற்றி எழுத முயன்றுகொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்து அந்த முடிச்சை அவிழ்த்தது. பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் அறிவைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் புத்தகத்து அறிவை வைப்பது கல்வி ஆகாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

நூல் கேட்டீர்கள். இப்போது ஒன்றும் வாங்க வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு நான் ஒரு கேள்வி தருகிறேன். தகடூரில், அதாவது நம் தருமபுரியில், அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாருக்கு விருந்து வைத்தால் அந்தக் குழம்பில் எதெது இருந்திருக்காது? மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகுதான் போர்ச்சுகீசியர் வழியாக நம் பக்கம் அவை பரவின. அதியமான் வீட்டில் காரத்துக்கு மிளகுதான். நிலக்கடலையும் கிடையாது. யாராவது ‘புளி’ என்று சொன்னால் சிரிக்க விடாதீர்கள். புளியமரம் ஆப்பிரிக்காவில் தோன்றியதுதான். ஆனால் புளி சேர்த்த சமையல் புறநானூற்றிலேயே வந்துவிடுகிறது. இதைச் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளைக்குப் பாதி மார்க்காவது போடுங்கள்.